தீயை எதிர்த்த தலைவர்

சிற்றூரில் கூரைவீடு ஒன்று தீப்பற்றிக்கொண்டால் ஊரார் அனைவரும் அங்கே கூடிவிடுவர். ஒருவர் குடத்தோடு ஓடிவருவார். ஒருவர் கிணற்றில் நீர் இறைப்பார். ஒருவர் கூரையைப் பிடுங்கி எறிவார். வேறொருவர் எட்ட நின்று உரத்த குரலில் கட்டளையிடுவார். அவர்கள் எல்லாருக்கும் நல்லெண்ணம் உண்டு, உழைப்பும் உண்டு. ஆனால், எதனை முதலிற் செய்தல் வேண்டும், யார் சொல்லை யார் கேட்டல் வேண்டும் என்னும் தெளிவு இராது. அதனால் எல்லாரும் பாடுபட்டும் வீடு சாம்பலாகிவிடும். ஐரோப்பாவின் பெருநகரங்களிலும் பன்னெடுங்காலம் நிலைமை இவ்வாறே இருந்தது. தீயணைத்தல் என்பது கற்றுப் பழகித் தேர வேண்டிய ஒரு தொழில் என்பதைத் தம் வாழ்க்கையாற் காட்டியவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்னும் ஸ்காத்லாந்து நாட்டினர்.

அவர் வருமுன் இருந்த நிலையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். 1666ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் விடியற்காலத்தில் இலண்டன் மாநகரில் ரொட்டி சுடுவோன் ஒருவனுடைய வீட்டில் தீ மூண்டது. வீடுகள் மரத்தால் ஆனவை. தெருக்களோ மிகக் குறுகியவை. தீயின் வழியில் உள்ள சில வீடுகளை உடனே இடித்துத் தள்ளியிருந்தால் அது மேலும் பரவாமல் தடுத்திருக்கலாம். வீட்டுக்காரர்களின் இசைவின்றி இடிப்பது எவ்வாறு என்று நகரத் தலைவர் தயங்கினார். அத்தயக்கத்தின் விலை மிகப் பெரிது. நான்கு நாளில் 13,200 வீடுகளும் 87 திருக்கோயில்களும் தூய பவுல் பெருங்கோயிலும் எரிந்து வீழ்ந்தன.

அந்தப் பேரிழப்புக்குப் பின்னர்த் தீக்காப்பீட்டுக் கம்பெனிகள் தோன்றின. ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்தி வருவோரின் வீடு எரிந்தால், அக்கம்பெனிகள் இழப்பை ஈடு செய்யும். வீடுகள் எரியாமல் இருந்தால் கம்பெனிக்கு ஆதாயம். ஆதலின், ஒவ்வொரு கம்பெனியும் தனக்கெனத் தீயணைக்கும் ஆட்களை அமர்த்திக்கொண்டது. தன் காப்பில் உள்ள வீட்டுச் சுவரில் உலோகத் தகடு ஒன்றைப் பதித்தது. தகடு இல்லாத வீட்டை எரியவிட்டு அந்த ஆட்கள் வேடிக்கை பார்த்தனர் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்குத் தக்க சான்று இல்லை. பக்கத்து வீடு எரிந்தால் தங்கள் வீட்டுக்கும் கேடு என்பதை அறியாத அளவுக்கு அவர்கள் பேதையர் அல்லர். ஆயினும், ஒரே தீயின் முன் பல கம்பெனி ஆட்கள் பல திறப்பட்ட சீருடையில் நின்று ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டதும், நீருக்காகச் சச்சரவிட்டதும் உண்மை. சட்டப்படி ஒவ்வொரு கோயில்வட்டமும் ஒரு நீர்ப்பொறி வைத்திருத்தல் வேண்டும். அவற்றுட் பல, பூட்டிய கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்தன. தீ மூண்ட பின்னரே திறவுகோலைத் தேடுவர்!

ஜேம்ஸ் பிரெய்ட்வுட் 1800ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் தலைநகரான எடின்பரோவிற் பிறந்தார். தந்தையார் வீட்டுப் பொருள்கள் செய்யும் தச்சுத் தொழிலிலும் கட்டடப் பணியிலும் ஈடுபட்டிருந்தவர். பெரிய குடும்பம், பிள்ளைகள் பலர். ஜேம்ஸ் நகரின் உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற பின், தந்தையாரின் தொழிலையே கற்றார். சுவர் எவ்வாறு எழுகிறது, உத்திரம் எந்த இடத்தில் சுமை தாங்குகிறது, மாடிப்படியின் அடியில் என்ன இருக்கிறது, கூரையின் உட்புறம் எப்படி அமைந்துள்ளது என்பவற்றையெல்லாம் அவர் கையாலேயே அறிந்தார். பிற்காலத்தில் புகை சூழ்ந்த வீட்டினுள் கண் தெரியாமல் நுழைந்தபோது அந்த அறிவே அவருக்கு விளக்காயிற்று.

1824ஆம் ஆண்டில் எடின்பரோ நகராட்சியும் காப்பீட்டுக் கம்பெனிகளும் கூடிச் செலவைப் பகிர்ந்துகொண்டு, நகர் முழுமைக்கும் ஒரே தீயணைப்புப் படையை அமைத்தன. பிரித்தானிய நாட்டில் ஒரு நகராட்சியின் பொறுப்பில் ஒழுங்குற அமைந்த முதற்படை அதுவே என்பர். அதற்குத் தலைவராக இருபத்து நான்கு வயதே நிரம்பிய பிரெய்ட்வுட் அமர்த்தப்பெற்றார். இளைஞர் ஒருவரிடம் இத்துணைப் பொறுப்பா என்று ஐயுற்றோரும் இருந்திருப்பர். அவர் ஆட்களைத் திரட்டிப் பயிற்சியைத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதற்குள் தீ அவரைத் தேடி வந்துவிட்டது.

நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் இரவு, எடின்பரோவின் பழைய நகர்ப் பகுதியில் பெருந்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் தீ மூண்டது. அப்பகுதி ஒரு மலைச்சரிவு. இடமின்மையால் மக்கள் வீட்டின்மேல் வீடாக அடுக்கிக் கட்டியிருந்தனர். சில கட்டடங்கள் பத்து அடுக்குக்கும் மேலாக உயர்ந்து நின்றன. அவற்றின் இடையே உள்ள சந்துகளில் இருவர் கைகோத்து நடப்பதும் அரிது. அவ்வழியே பொறிகளை இழுத்துச் செல்வது எங்ஙனம்? நீரும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. மறுநாள் காலையில் தீ தணிந்தது என்று மக்கள் எண்ணினர். நண்பகலை ஒட்டி டிரான் திருக்கோயிலின் கோபுரம் பற்றிக்கொண்டது. கூரையில் வேய்ந்த ஈயம் உருகிச் சொட்டியது. அன்றிரவே பாராளுமன்றச் சதுக்கம் என்னும் இடத்தில் மீண்டும் ஒரு தீ எழுந்தது.

தீயினும் கொடிய இடர் ஒன்று அங்கே இருந்தது. நகர ஆட்சியாளர்கள் வந்து ஒரு கட்டளை இட்டனர்; நீதிபதிகள் வந்து வேறொரு கட்டளை இட்டனர்; படை அதிகாரிகளும் செல்வர்களும் ஆளுக்கு ஒன்று கூறினர். இப்பொறியை அங்கே கொண்டு செல் என்பார் ஒருவர். அங்கிருந்து இங்கே கொண்டு வா என்பார் மற்றொருவர். புதிதாகச் சேர்ந்த ஆட்கள் யார் சொல்லைக் கேட்பது என்று அறியாது திகைத்தனர். இளந்தலைவரின் குரல் பெரியவர்களின் குரல்களுக்கிடையே அமுங்கிப் போயிற்று. பல நாள் எரிந்த அத்தீயில் பத்துப் பேருக்கு மேல் இறந்தனர். தீயணைக்கும் ஆட்களும் அவருட் சிலர். நானூறு குடும்பங்கள்வரை வீடிழந்து, குளிர்காலத் தொடக்கத்தில் தெருவில் நின்றன.

பழி புதிய படையின்மேல் விழுந்தது. இத்தனை செலவிட்டு அமைத்த படை என்ன செய்தது என்று மக்கள் கேட்டனர். பின்னர் நடந்த ஆராய்ச்சியில் உண்மை வெளிப்பட்டது. இனித் தீ நிகழும் இடத்தில் தீயணைப்புத் தலைவர் ஒருவருக்கே கட்டளையிடும் உரிமை உண்டு. எத்துணை உயர்ந்த பதவியில் இருப்பவரும் அதில் தலையிடலாகாது என்று முடிவு செய்யப்பெற்றது. இன்று இவ்விதி நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அது நானூறு குடும்பங்களின் வீட்டுச் சாம்பலிலிருந்து எழுந்த விதி.

அதன் பின்னரே பிரெய்ட்வுட்டின் உண்மையான பணி தொடங்கியது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் தனி முறை ஒன்றைக் கையாண்டார். உடல் வலிமை ஒன்றையே அவர் பார்க்கவில்லை. கூரை வேய்வோரைச் சேர்த்தார். உயரத்தில் நடப்பது அவர்களுக்குப் பழக்கம். தச்சரையும் கொத்தரையும் சேர்த்தார். எந்தச் சுவரை இடிக்கலாம், எதைத் தொடலாகாது என்பதை அவர்கள் அறிவர். கொல்லரையும் குழாய் வேலை செய்வோரையும் சேர்த்தார். பொறி பழுதுற்றால் அங்கேயே செப்பனிட அவர்களால் இயலும். இவர்கள் பகலெல்லாம் தத்தம் தொழிலைப் பார்ப்பர். தீ என்ற ஒலி எழுந்தால் ஓடி வருவர்.

புதன்கிழமைதோறும் விடியற்காலை நான்கு மணிக்குப் பயிற்சி நடக்கும். அந்நாட்டுக் குளிரில் அந்நேரத்தில் எழுவது எளிதன்று. ஆயினும் அதற்குக் காரணம் உண்டு. பெருந்தீ பெரும்பாலும் இரவில் நிகழ்கிறது. இருளிற் பழகாத கை இருளில் வேலை செய்யாது. மேலும், அந்த நேரத்தில் தெருவில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் இராது. அவர்கள் ஏணியில் ஏறினர். உயர்ந்த மாடிகளின் பலகணி வழியே நுழைந்தனர். கயிற்றைப் பற்றி இறங்கினர். செப்பாணி அறைந்து இணைத்த தோற்குழாய்களைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தவும் கற்றனர். தலைக்கு அணியும் தோற்கவசத்தையும் பிரெய்ட்வுட் ஆராய்ந்தே அமைத்தார். நியூசீலாந்துப் பழங்குடியினர் போரில் அணிந்த கவசத்தின் வடிவைத் தழுவி, உச்சியில் ஒரு தோல் முகடு வைத்தார். மேலிருந்து விழும் பொருளின் வேகத்தை அது தாங்கும். பிடரியை மறைக்க ஒரு தோல் மடிப்பு வைத்தார். உருகிய ஈயமும் எரிதுண்டுகளும் கழுத்துக்குள் விழாமல் அது காக்கும்.

அவர் கற்பித்தவற்றுள் தலையாயது ஒன்று உண்டு. அதுகாறும் தீயணைப்போர் தெருவில் நின்றுகொண்டு பலகணி வழியே நீரை உள்ளே பீய்ச்சுவர். நீர் புகையின்மேலும் சுவரின்மேலும் விழுந்து வீணாகும். தீயோ உள்ளே எரிந்துகொண்டிருக்கும். வெளியே நின்றால் தீயை அணைக்க முடியாது. உள்ளே சென்று, எரியும் பொருளின்மேலேயே நீர் விழச் செய்தல் வேண்டும் என்பது பிரெய்ட்வுட்டின் கொள்கை. புகை நிறைந்த அறையில் எவ்வாறு நுழைவது? புகை மேலே எழும் இயல்புடையது. தரையை ஒட்டிச் சிறிது நல்ல காற்று இருக்கும். ஆகவே, தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்லுமாறு அவர் தம் ஆட்களைப் பழக்கினார். ஒருவன் தனியே செல்லலாகாது. துணையோடுதான் செல்ல வேண்டும். ஒருவன் மயங்கி வீழ்ந்தால் மற்றவன் இழுத்து வருவான். நீர் வந்து சேரும்வரை கதவுகளையும் பலகணிகளையும் சாத்தி வைக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் தீ வளரும். கதவை உடைத்து எல்லாவற்றையும் திறந்து விடுவதே உதவி என்று எண்ணியிருந்த மக்களுக்கு இது வியப்பாக இருந்தது.

பிறருக்குக் கற்பித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. இரும்புச் சாமான் விற்கும் கடை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வெடிமருந்துப் பீப்பாய் இருப்பதாகத் தெரிந்தது. பிரெய்ட்வுட் தாமே உள்ளே புகுந்து ஒரு பீப்பாயைத் தூக்கி வந்தார். மீண்டும் சென்று மற்றொன்றையும் கொணர்ந்தார். அவை வெடித்திருந்தால் அத்தெரு முழுதும் அழிந்திருக்கும்.

தாம் கண்டவற்றையெல்லாம் தொகுத்து 1830ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். தீயணைப்புப் பொறிகளின் அமைப்பு, ஆட்களின் பயிற்சி, தீ நேர்ந்தபோது செய்ய வேண்டுவன ஆகியவற்றை விளக்கும் நூல் அது. அவர் புகழ் இலண்டனுக்கு எட்டியது. அங்கே பத்துக் காப்பீட்டுக் கம்பெனிகள் தங்கள் போட்டியை விட்டு ஒன்று சேர்ந்து, 1833ஆம் ஆண்டு சனவரி முதல் ஒரே படையை நடத்த முன்வந்தன. அதற்குத் தலைவராக பிரெய்ட்வுட் அழைக்கப்பெற்றார்.

உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றைக் காக்க அவருக்குக் கிடைத்தவர் எண்பது பேர். இவர்கள் முழு நேர ஊழியர். சாம்பல் நிறச் சீருடை அணிந்தவர். இங்கே அவர் கடலோடிகளைப் பெரிதும் விரும்பினார். கப்பலில் இரவும் பகலும் முறை வைத்துக் காவல் இருந்தவர்களுக்கு நள்ளிரவில் எழுவது புதிதன்று. கட்டளைக்குக் கீழ்ப்படிதலும் அவர்களுக்கு இயல்பு. பிரெய்ட்வுட் வாட்லிங் தெருவில் இருந்த தலைமை நிலையத்திலேயே குடும்பத்தோடு வாழ்ந்தார்.

அந்நாளைய கருவிகள் எத்தகையன? பொறியின் இருபுறமும் நீண்ட கைப்பிடிகள் இருக்கும். இருபதுக்கு மேற்பட்டோர் அவற்றைப் பற்றி மேலும் கீழுமாக அழுத்துதல் வேண்டும். படையினர் எண்பது பேரே ஆதலால், தெருவில் நிற்போரை அழைத்துக் கூலியும் பீர் என்னும் மதுவும் கொடுத்து அழுத்தச் செய்வர். மது வரத் தாமதித்தால் கைகள் ஓய்ந்துவிடும்! நீருக்கும் தட்டுப்பாடு. நீர்க் கம்பெனிகள் நாளில் சில மணி நேரமே குழாயில் நீர் விடும். தீ நேர்ந்தால், நீர்க்குழாயைத் திறந்துவிடும் ஊழியனை எழுப்பிக் கொண்டுவர வேண்டும். அவன் வரும்வரை எத்துணைச் சிறந்த படையும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இன்னுமொரு விந்தையும் உண்டு. படையை நடத்தியவை காப்பீட்டுக் கம்பெனிகள். அவற்றின் கருத்து பொருளைக் காப்பதில் இருந்தது. மாடியில் அகப்பட்டுக்கொண்ட மக்களை மீட்கச் சக்கரம் பூட்டிய ஏணிகளைத் தெருக்களில் நிறுத்தியது நன்கொடையால் நடந்த வேறொரு சங்கம். பிரெய்ட்வுட்டின் ஆட்கள் உயிரைக் காக்கத் தயங்கியவர் அல்லர். ஆனால், நகர மக்களின் உயிரைக் காப்பது தன் கடமை என்று ஆட்சி அந்நாளில் கருதவில்லை.

அவர் இலண்டனுக்கு வந்த மறு ஆண்டே பெருஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. முற்காலத்தில் ஆங்கில அரசு வரவு செலவுக் கணக்கை மரக்கழிகளில் வெட்டுக்குறி இட்டு வைப்பது வழக்கம். அம்முறை ஒழிந்தபின் பயனற்ற கழிகள் வண்டிக் கணக்கிற் குவிந்து கிடந்தன. 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த அடுப்புகளில் அவற்றை இட்டு எரித்தனர். பழைய புகைபோக்கிகள் அளவுக்கு மீறிச் சூடேறின. மாலையில் பாராளுமன்றக் கட்டடம் முழுதும் தீப்பற்றி எரிந்தது. அரசின் கட்டடம் எந்தக் கம்பெனியின் காப்பிலும் இல்லை. அதனைக் காக்க பிரெய்ட்வுட்டுக்குக் கடப்பாடும் இல்லை. அவர் பன்னிரண்டு பொறிகளோடும் அறுபத்து நான்கு ஆட்களோடும் விரைந்தார்.

சென்றவுடன், இரு சபைகளையும் காப்பாற்ற இயலாது என்பது தெளிவாயிற்று. அடுத்திருந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபமோ பல நூற்றாண்டுப் பழமையுடையது. அதன் மரக்கூரை பதினான்காம் நூற்றாண்டின் தச்சர் செய்த அரும்பணி. இழந்ததற்கு இரங்கி நில்லாது, எஞ்சியதைக் காப்பதே வேலை என முடிவு செய்தனர். பொறிகளை மண்டபத்தின் உள்ளேயே கொண்டு சென்று, கூரையை இரவெல்லாம் நனைத்துக்கொண்டே இருந்தனர். காற்றும் நல்ல வேளையாகத் திசை மாறிற்று. விடிந்தபோது சபைகள் கரிந்த சுவர்களாய் நின்றன, மண்டபம் பிழைத்தது. அந்தத் தீயை ஆற்றங்கரையிலிருந்து கண்ட டர்னர் என்னும் பெரும் ஓவியர் அதனை ஓவியங்களாகத் தீட்டினார்.

பின்னர் 1838இல் வணிகர் கூடும் அரசப் பரிமாற்ற மாளிகை எரிந்தது. கடுங்குளிரில் குழாய்களிலேயே நீர் உறைந்துபோன இரவு அது. 1841இல் இலண்டன் கோட்டையின் படைக்கலச் சாலை எரிந்தது. இவ்வாறு ஆண்டுகள் சென்றன.

பிரெய்ட்வுட்டிடம் குறையே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. நீராவியால் இயங்கும் தீயணைப்புப் பொறி 1829ஆம் ஆண்டிலேயே இலண்டனிற் செய்யப்பட்டிருந்தது. அவர் அதனை நெடுங்காலம் ஏற்கவில்லை. அது எடை மிக்கது. குழாயில் உள்ள சிறிதளவு நீரையும் உறிஞ்சிவிடும். அதன் வேகத்தை நம்பி ஆட்கள் மீண்டும் தெருவில் நின்று நீர் பீய்ச்சத் தொடங்கிவிடுவர் என்று அவர் அஞ்சினார். இவ்வச்சம் அடியோடு பொருளற்றது எனல் ஆகாது. ஆயினும் காலம் பொறியின் பக்கமே இருந்தது. 1860ஆம் ஆண்டில்தான் அவர் நீராவிப் பொறி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினார்.

வேறொரு செய்தியில் அவர் எல்லாருக்கும் முன்னே கண்டார். தேம்ஸ் ஆற்றங்கரையில் வணிகர்கள் மிகப் பெரிய பண்டகசாலைகளை எழுப்பி வந்தனர். சுவரால் தடுத்துச் சிறு சிறு பகுதிகளாக்கினால் இடம் குறையும் என்று, அகன்று உயர்ந்த ஒரே கூடமாகக் கட்டினர். இத்தகைய கட்டடத்தில் ஒருமுறை தீ பரவிவிட்டால் தம் படை முழுதும் வந்தாலும் அணைக்க இயலாது என பிரெய்ட்வுட் எச்சரித்தார். இரும்புத் தூண் வைத்த கட்டடத்தைத் தீப்பிடியாக் கட்டடம் என்று பலரும் நம்பிய காலம் அது. இரும்பு எரியாது என்பது மெய்யே. ஆனால், கடுஞ்சூட்டில் அது வலுவிழக்கும். சூடேறிய வார்ப்பிரும்பின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கும். தூண் முறிந்தால் மேலுள்ள அனைத்தும் ஒருங்கே சரியும். 1849ஆம் ஆண்டில் பொறியாளர் சங்கத்தில் அவர் இதனை விரித்துரைத்தார். மரத்தூண் எரிந்து மெலிந்தாலும் முன்னறிவிப்போடு சாயும். இரும்புத் தூண் சொல்லாமல் கொல்லும். ஆகையால், அத்தகைய கட்டடங்களின் உள்ளே செல்வதில் தம் ஆட்களுக்கு அவர் கட்டுப்பாடு விதித்தார். வணிகர்கள் கேட்டுக்கொண்டனர், கட்டுவதை மாற்றிக்கொள்ளவில்லை.

1861ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், சனிக்கிழமை. இலண்டன் பாலத்திற்கு அருகே டூலித் தெருவுக்கும் ஆற்றுக்கும் இடையே இருந்த காட்டன் துறைப் பண்டகசாலையில் மாலை வேளையில் புகை எழுந்தது. உள்ளே சணலும் பஞ்சும் சர்க்கரையும் கொழுப்பும் வெடியுப்பும் தேயிலையும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கிழக்கு நாடுகளிலிருந்து கப்பலேறிச் சென்ற பண்டங்களும் அவற்றுள் இருந்தன. பண்டகசாலைகளுக்கு இடையே இரும்புக் கதவுகள் உண்டு. சாத்தியிருந்தால் அவை தீயைத் தடுத்திருக்கும். அவற்றைத் திறந்தபடியே விட்டிருந்தனர்.

பிரெய்ட்வுட் வந்து சேர்ந்தார். முதலில் நீர் கிடைக்கவில்லை. ஆற்றில் நீர்மட்டம் தாழ்ந்திருந்தமையால் மிதக்கும் பொறிகளும் கரையை நெருங்க முடியவில்லை. தீ ஒரு பண்டகசாலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. உருகிய கொழுப்பு எரிந்தவாறே ஆற்றில் ஓடி, நீரின்மேல் தீ மிதந்தது. பாலத்தின்மேல் ஆயிரக்கணக்கான மக்கள் நெருக்கியடித்து நின்று பார்த்தனர். வெப்பத்தை எதிர்த்து நின்ற ஆட்கள் களைத்துப்போயினர். அறுபது வயதைக் கடந்த தலைவர் அவர்களிடையே நடந்து சென்று, ஒவ்வொருவர்க்கும் ஊக்கமளித்தார். ஒருவன் கையில் காயம்பட்டுக் குருதி வடிவதைக் கண்டார். தம் கழுத்தில் கட்டியிருந்த பட்டுத் துணியை அவிழ்த்து அவனுக்குக் கொடுத்தார். பின்னர் ஆற்றின் பக்கம் இருந்த ஆட்களைக் காண்பதற்காகக் குறுகிய சந்து ஒன்றின் வழியே சென்றார். மாலை ஏழரை மணி அளவில் உள்ளே பெருவெடி ஒன்று கேட்டது. உயர்ந்த சுவர் வெளிப்புறம் புடைத்துச் சரிந்தது. உடனிருந்தோர் ஓடித் தப்பினர். பிரெய்ட்வுட்டும் இன்னொருவரும் அதன் அடியில் புதைந்தனர்.

அவரை மீட்க ஆட்கள் பாய்ந்தனர். அனற்குவியல் அவர்களை அணுகவிடவில்லை. இரண்டு நாள் கழித்தே உடலை எடுக்க முடிந்தது. தீ முற்றும் அவிய இரண்டு வாரம் ஆயிற்று.

ஜூன் 29ஆம் நாள் இறுதி ஊர்வலம் நடந்தது. அது ஒன்றரை மைல் நீளம் இருந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, நகரின் திருக்கோயில் மணிகள் ஒலித்தன. மன்னர்க்கும் தளபதிகளுக்கும் அத்தகைய சிறப்புச் செய்து பழகிய நகரம், தீயணைக்கும் ஊழியர் ஒருவருக்கு அதனைச் செய்தது. ஏபினி பூங்கா இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். அருகிலேயே அவர் மனைவியாரின் முதல் மணத்துப் பிள்ளையின் கல்லறை இருந்தது. அவ்விளைஞரும் தீயணைப்புப் படையிற் பணியாற்றி, 1855ஆம் ஆண்டில் தீ ஒன்றில் உயிர் நீத்தவர்.

டூலித் தெருத் தீயால் நேர்ந்த இழப்பு இருபது இலட்சம் பவுன் அளவு. காப்பீட்டுக் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தின, வணிகர்கள் கூச்சலிட்டனர். முடிவில், இப்பெருநகரைக் காக்கும் சுமையை இனித் தாங்கள் தாங்க இயலாது என்று கம்பெனிகள் 1862இல் அரசுக்குத் தெரிவித்தன. பாராளுமன்றம் ஆராய்ந்து 1865இல் சட்டம் இயற்றியது. 1866ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தீயணைப்புப் படை பொதுமக்களின் வரிப்பணத்திலும் அரசின் உதவியிலும் கம்பெனிகளின் பங்கிலும் இயங்கும் பொதுப்பணி ஆயிற்று. பொருளைப் போலவே உயிரையும் காப்பது அதன் கடமை ஆயிற்று. பிரெய்ட்வுட்டுக்குப் பின் தலைமை ஏற்ற ஷா என்பவர் அதனை நடத்தினார். நீராவிப் பொறிகள் பெருகின. புகையுள் தவழ்ந்து சென்று தீயின் அருகே நின்று நீர் பாய்ச்சும் முறை மாறவில்லை.

பிரெய்ட்வுட் விழுந்த இடத்திற்கு அருகே, டூலித் தெருவில் ஒரு நினைவுக்கல் பதிக்கப்பெற்றது. அவர் பிறந்த எடின்பரோவில் 2008ஆம் ஆண்டில் அவருக்குச் சிலை எடுத்தனர். அது நிற்கும் இடம் பாராளுமன்றச் சதுக்கம். 1824ஆம் ஆண்டு நவம்பர் இரவில், பலர் இட்ட கட்டளைகளுக்கு நடுவே அந்த இருபத்து நான்கு வயது இளைஞர் தீயோடு போராடிய அதே சதுக்கம்.